செம்பும் பெட்டியும்

இயல் நான்கு: பயணம் (உரைநடை உலகம்)

கற்றல் நோக்கங்கள்

• அயல்நாட்டுப் பயணத்திற்கு வேண்டிய ஆவணங்களையும் பொருள்களையும் முறைப்படுத்திப் பட்டியலிடும் திறன் பெறுதல்.
• ஒரு நாட்டின் நிலம், காலநிலை, வரலாறு ஆகியவை பயண ஆயத்தத்தை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பதை அறிதல்.
• மலையகத் தமிழரின் இடப்பெயர்வு வரலாற்றைச் சுருக்கமாக அறிந்துகொள்ளுதல்.
• எச்சங்கள், தொகைகள் ஆகியவற்றைப் பாடப்பகுதியில் இனங்காணுதல்.

நுழையும்முன்

விடுமுறைக்குத் தீவு ஒன்றிற்குச் செல்லப் போகிறோம் என்றால் நம் மனக்கண்ணில் முதலில் தோன்றுவன நீலக்கடலும் வெண்மணலும் தென்னை மரங்களுமே. ஆனால் ஒரு குடும்பத்திற்குத் தீவு என்பது அறுபட்ட உறவின் மறுமுனையாக இருந்தது. அக்குடும்பம் பயணப்பெட்டியை அடுக்கிய கதையே இப்பாடம். படிக்கும்போது, நீங்கள் அப்பெட்டியில் எதை வைத்திருப்பீர்கள், எதை விட்டிருப்பீர்கள் என்று எண்ணிக்கொண்டே படியுங்கள்.

1. கல்பாத்தியில் ஒரு மாலை

பாலக்காட்டு நகரை ஒட்டி ஓடும் கல்பாத்தி ஆற்றின் கரையில் அமைந்தது கல்பாத்தி. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள இடைவெளியாகிய பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழர் இங்கு வந்து குடியேறினர். இன்றும் அவ்வூரின் தெருக்களில் தமிழ் ஒலிக்கிறது. ஐப்பசித் திங்களின் இறுதியில் விசுவநாத சுவாமி கோயில் தேர்த் திருவிழாவிற்கு ஊர் முழுவதும் திரளும்.

தேர் நிலைக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஆற்றங்கரைக்கு அருகில் ஒரு வாடகை வீட்டில் வசித்த இரயில்வே ஊழியரின் குடும்பத்தில் வேறொரு பரபரப்பு தொடங்கியது. டிசம்பர் விடுமுறையில் அவர்கள் இலங்கைக்குச் செல்லவிருந்தனர். தந்தை, தாய், எட்டாம் வகுப்பில் பயிலும் மகள், அப்பாயி என நால்வர். கடற்கரையில் இரண்டு நாள், மலையகத்தில் நான்கு நாள் என்று பயணம் வகுக்கப்பட்டிருந்தது. மலையகத்தில் அட்டன் நகருக்கு அருகிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பாயியின் அக்காள் வாழ்கிறார். அவ்விருவரும் ஒருவரை ஒருவர் நேரில் கண்டு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

"ஆளுக்கு ஒரு பெட்டிதான். மலை இரயிலில் ஏறி இறங்க வேண்டும். அவரவர் பெட்டியை அவரவரே தூக்க இயலவேண்டும்," என்று தந்தை கூறினார். பட்டியல் எழுதும் பொறுப்பு மகளிடம் ஒப்படைக்கப்பட்டது.

2. முதலில் தாள்கள்

பயண ஆயத்தத்தில் துணிமணி இரண்டாவது, தாள்களே முதலாவது. மகள் தன் குறிப்பேட்டில் முதல் பக்கத்தைத் தாள்களுக்கென ஒதுக்கினாள்.

கடவுச்சீட்டு முதலிடம் பெற்றது. அது கையில் இருந்தால் மட்டும் போதாது. பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும். சிறுவருக்கு வழங்கப்படும் கடவுச்சீட்டு ஐந்தாண்டுகளுக்கே செல்லும் என்பதைப் பலரும் மறந்துவிடுவர். மகளுடைய கடவுச்சீட்டை எடுத்து நாளைச் சரிபார்த்த பின்னரே தந்தை பயணச்சீட்டுப் பதிவு செய்தார். அடுத்து, இலங்கை அரசின் இணையதளத்தில் மின்னணுப் பயண அனுமதிக்கு விண்ணப்பம் அனுப்பப்பட்டது. திரும்பிவரும் பயணச்சீட்டு, தங்குமிடத்தின் முகவரி ஆகியவையும் அச்செடுத்து வைக்கப்பட்டன.

அப்பாயிக்குக் கடவுச்சீட்டு எடுத்ததுதான் நெடுங்கதை. பிறந்த இடம் என்ற கட்டத்தில் எதை எழுதுவது? அவர் பிறந்தது அட்டன் பகுதியில், வளர்ந்தது நீலகிரியில், வாழ்வது பாலக்காட்டில். அவருடைய தந்தை பாதுகாத்து வைத்திருந்த பழைய குடும்ப அட்டையும், இந்தியத் தூதரகம் அந்நாளில் வழங்கிய ஆவணங்களும் அப்போது துணைசெய்தன. மடித்த இடங்களில் கிழியத் தொடங்கியிருந்த அத்தாள்களை மகள் ஒளிப்படி எடுத்தாள். மூலத்தை வீட்டில் வைத்துவிட்டுப் படியை மட்டும் எடுத்துச் செல்வது என்று முடிவாயிற்று.

எல்லா ஆவணங்களுக்கும் இரண்டு படிகள் எடுக்கப்பட்டன. ஒன்று கைப்பையில், மற்றொன்று வேறொருவரின் பெட்டியில். ஒரு பை தொலைந்தாலும் மற்றொன்று உதவும் என்பதே இதன் காரணம்.

3. ஒரே தீவு, இரண்டு பருவம்

"தீவுக்குத்தானே போகிறோம்? பருத்தி உடைகள் போதும்," என்றாள் மகள். தாய் நிலப்படத்தை விரித்துக் காட்டினார்.

இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர்; கேரளத்தைவிடப் பெரியது. அதன் நடுப்பகுதி மலைகளால் ஆனது. மிக உயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகல 2,524 மீட்டர் உயரமுடையது. இடுக்கி மாவட்டத்து ஆனைமுடி 2,695 மீட்டர் என்பதோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். நுவரெலியா நகர் மட்டுமே சுமார் 1,868 மீட்டர் உயரத்தில் உள்ளது. டிசம்பர் இரவுகளில் அங்கு மூணாற்றைப் போலவே குளிர் கடுமையாக இருக்கும். காலையில் கொழும்புக் கடற்கரையில் வியர்வை வழிய நின்றவர், மாலையில் மலையகத்தில் கம்பளி தேட நேரும்.

மழையும் அவ்வாறே. தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டம்பர் வரை தீவின் மேற்கிலும் தெற்கிலும் மழையைத் தருகிறது. வடகிழக்குப் பருவக்காற்று ஆண்டின் இறுதியில் கிழக்கையும் வடக்கையும் நனைக்கிறது. எனவே டிசம்பரில் மேற்குக் கரையில் வெயில் காயும்போது, கிழக்குக் கரையில் மழை பொழிந்துகொண்டிருக்கலாம். எடவப்பாதியையும் துலாவர்ஷத்தையும் அறிந்த கேரளத்து மாணவர்க்கு இது புதிதன்று.

ஆதலால் உடைப் பட்டியல் இவ்வாறு அமைந்தது: கடற்கரைக்கு மெல்லிய பருத்தி உடைகள், அகன்ற தொப்பி, விரைவில் உலரும் துண்டு, மலைக்குக் கம்பளிச் சட்டை, காலுறை, மழையங்கி. விகாரைகளுக்குள் செல்ல, தோளையும் முழங்காலையும் மறைக்கும் வெளிர்நிற உடை ஒன்று. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பதை அங்குள்ளோர் அவமதிப்பாகக் கருதுவர் என்ற குறிப்பையும் மகள் பட்டியலின் ஓரத்தில் எழுதினாள்.

கொசுக்கடியைத் தடுக்கும் களிம்பும் சேர்க்கப்பட்டது. இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலகச் சுகாதார நிறுவனம் 2016-ஆம் ஆண்டில் அறிவித்தது. ஆயினும் டெங்கு அங்கு உண்டு. இலங்கையின் மின்செருகிகள் பலவற்றில் சதுர முனைகள் உள்ளன. நம் வட்ட முனைகள் அவற்றில் பொருந்தா. எனவே இணைப்புச் செருகி ஒன்றும் வாங்கப்பட்டது. கடிகாரத்தை மட்டும் மாற்ற வேண்டியதில்லை; இரு நாடுகளுக்கும் நேரம் ஒன்றே.

4. இருபது கிலோ

அப்பாயி தம் பெட்டியைத் தாமே அடுக்கினார். கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப்பெட்டி ஒன்றை இழுத்து, துடைத்து, வெயிலில் வைத்தார். அதன் மூடியில் வெள்ளை வண்ணத்தில் எழுதப்பட்ட பெயரும் எண்ணும் பாதி அழிந்திருந்தன.

அடுத்த வீட்டு மாமி கொண்டாட்டமும் அரிசி அப்பளமும் கட்டிக் கொடுத்தார். "உங்கள் அக்காவிற்குக் கல்பாத்தியின் கைப்பக்குவம் தெரியவேண்டாமா?" என்று கூறி, மறுக்க மறுக்கப் பொட்டலங்களைத் திணித்தார். நேந்திரங்காய் வறுவல், மாவடு, கொப்பரைத் தேங்காய், அக்காவிற்கு இரண்டு புடவை என்று பெட்டி நிறைந்தது. தந்தை கைத்தராசில் தொங்கவிட்டு எடை பார்த்தார். பயணச்சீட்டில் குறிக்கப்பட்டிருந்த அளவு 20 கிலோ. முள் 27-இல் நின்றது.

மகள் குறிப்பேட்டில் கணக்கிட்டாள்:

வெற்றுத் தகரப்பெட்டி – 7 கிலோ
அப்பாயியின் உடைகள், கம்பளி – 6 கிலோ
அக்காவிற்குப் புடவைகள் – 2 கிலோ
கொண்டாட்டம், அப்பளம் – 4 கிலோ
நேந்திரங்காய் வறுவல் – 3 கிலோ
மாவடு – 2 கிலோ
கொப்பரை – 1 கிலோ
மருந்து, மற்றவை – 2 கிலோ

"பெட்டியே ஏழு கிலோ, அப்பாயி. இதை விட்டுவிட்டு நம் துணிப்பெட்டியை எடுத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும்," என்றாள் மகள்.

அப்பாயி ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியின் மூடியைச் சாத்தினார். இரவு உணவின்போது, "நீங்கள் மூவரும் போய் வாருங்கள். எனக்கு முழங்கால் வலி," என்றார். முழங்கால் வலி காரணமன்று என்பது அனைவர்க்கும் தெரிந்திருந்தது.

5. அழுகைக் கோச்சி

மறுநாள் மாலை, திண்ணையில் அமர்ந்திருந்த அப்பாயியின் அருகில் மகள் சென்று அமர்ந்தாள். "அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது, அப்பாயி?" என்று கேட்டாள். "இப்போது ஒன்றுமில்லை, தாயி. அப்போது இருந்தது," என்று தொடங்கி அவர் கூறியது இது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் ஆங்கிலேயர் காப்பித் தோட்டங்களையும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களையும் அமைத்தனர். அவற்றில் உழைக்கத் தமிழ்நாட்டின் சிற்றூர்களிலிருந்து மக்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தனர். லயங்கள் எனப்பட்ட வரிசை வீடுகளில் பிறந்து, கொழுந்து கிள்ளி, அம்மண்ணிலேயே அடங்கினர். இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுள் மிகப்பெரும்பாலோர் எந்த நாட்டிற்கும் உரியவரல்லர் என்ற நிலைக்கு ஆளாயினர்.

1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். அதன்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்யப்படும். தாளில் இவை எண்கள். லயங்களிலோ, ஒரே வீட்டிற்குள் இவ்வெண்கள் கோடு கிழித்தன. தந்தைக்கு இந்தியக் குடியுரிமை, மணமான மகளின் கணவனுக்கு இலங்கைக் குடியுரிமை என்றால், அக்குடும்பம் கடலின் இரு கரைகளில் பிரிய வேண்டியதாயிற்று.

அப்பாயியின் குடும்பத்தில் நேர்ந்ததும் அதுவே. 1977-ஆம் ஆண்டு அவருக்குப் பதின்மூன்று வயது. அக்காளுக்கு மணமாகி ஓராண்டு. தாயகம் திரும்புவோர் ஏறிய இரயிலை மலையகத்தார் 'அழுகைக் கோச்சி' என்று அழைத்தனர். ஏறுவோரும் வழியனுப்ப வந்தோரும் ஒருசேர அழுததால் அமைந்த பெயர் அது. எதைக் கொண்டு செல்லலாம், எதைக் கொண்டு செல்லக் கூடாது என்று அன்றும் விதிகள் இருந்தன. ஐந்து பேர் கொண்ட குடும்பத்தின் உடைமைகள் இரண்டு தகரப்பெட்டிகளில் அடங்கின. அட்டன் நிலையத்தில் வண்டி புறப்படும் வேளையில் அக்காள் ஓடிவந்து, தன் திருமணச் சீராக வந்த பித்தளைச் செம்பைச் சன்னல் வழியாகத் தங்கையின் மடியில் வைத்தாள். "தண்ணீர் குடிக்க வைத்துக்கொள்," என்றாள். அவ்வளவே பேச முடிந்தது.

தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பின்னர் நீலகிரியில் தாயகம் திரும்பியோர்க்கென அரசு அமைத்த தேயிலைத் தோட்டத்திற்கு அக்குடும்பம் சென்று சேர்ந்தது. சில ஆண்டுகள் கடிதங்கள் வந்தன. 1983-ஆம் ஆண்டின் கலவரங்களுக்குப் பின் அவையும் நின்றன. மூன்றாண்டுகளுக்கு முன்புதான், உறவினர் ஒருவர் வழியாக அக்காளுடைய பேரனின் கைப்பேசி எண் கிடைத்தது.

"திரையில் முகத்தைக் காட்டினேன். ஆனால் அக்காவிற்குக் கண்புரை, காதும் மந்தம். 'யார், யார்' என்றே கேட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பெட்டியோடு போய் நின்றால் அடையாளம் தெரியும் என்று நினைத்தேன், தாயி. இந்தப் பெட்டி அவருக்கும் தெரிந்த பெட்டி," என்றார் அப்பாயி.

6. மீண்டும் அடுக்கிய பெட்டி

மகள் எழுந்து சமையலறைக்குச் சென்றாள். பரணில், பயன்படாத பாத்திரங்களுக்கு இடையே அந்தச் செம்பு இருந்தது. புளியிட்டுத் தேய்த்ததும் பளபளத்தது. கழுத்தை ஒட்டிப் புள்ளிப்புள்ளியாகப் பொறித்த எழுத்து ஒன்று தெரிந்தது. அக்காளுடைய பெயரின் முதல் எழுத்து அது. பெண்ணுக்குக் கொடுக்கும் சீர்ப் பாத்திரத்தில் பெயர் பொறிப்பது தமிழர் வழக்கம். மகள் கண்களை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தாள். எழுத்து விரலுக்குத் தெரிந்தது.

"பெட்டியைப் பார்க்க அவருக்குக் கண் வேண்டும், அப்பாயி. இதற்குக் கண் வேண்டாம்," என்று செம்பை அவர் கையில் கொடுத்தாள்.

அப்பாயியும் விரலால் தடவினார். நெடுநேரம் கழித்து, "சரி. தகரப்பெட்டி இங்கேயே இருக்கட்டும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்," என்றார்.

அதன்பின் வேலை விரைவாக நடந்தது. தகரப்பெட்டிக்கு மாற்றாக இரண்டரை கிலோ எடையுள்ள துணிப்பெட்டி வந்தது. கொப்பரை நீக்கப்பட்டது. எண்ணெய்ப் பசை மிகுந்த கொப்பரை தானே சூடேறித் தீப்பற்றும் இயல்புடையது. ஆதலால் விமானப் போக்குவரத்தில் அது அபாயப் பொருளாகக் கருதப்படுகிறது. இரண்டு கிலோ மாவடு ஒரு கிலோவாகக் குறைந்தது. எண்ணெயும் நீரும் கசியாதபடி இரட்டை உறையிட்டுப் பெட்டியின் நடுவில், துணிகளுக்கு இடையே வைக்கப்பட்டது. ஒரு கிலோ கம்பளிச் சட்டையும் அன்றாட மருந்துகளும் கைப்பைக்கு மாறின. மருந்துகளை அவற்றின் உறையோடும் மருத்துவரின் சீட்டோடும் கைப்பையில் வைப்பதே முறை. பெட்டி தாமதமானாலும் மருந்து தவறாது.

கைப்பைக்கும் விதிகள் உண்டு. நீர்மங்கள் 100 மில்லிலிட்டருக்கு மேற்படாத குப்பிகளில் இருக்க வேண்டும். கத்தரிக்கோல், கத்தி முதலியவை கூடா. பவர் பேங்க் எனப்படும் மின்சேமிப்பானைப் பதிவுப்பெட்டியில் வைக்கவே கூடாது. கைப்பையில்தான் வைக்க வேண்டும். செம்புக்குத் தடையேதும் இல்லை. வெற்றிடத்தை வீணாக்காமல் மகள் அதனுள் மூன்று இணைக் காலுறைகளைச் சுருட்டி வைத்தாள்.

கைத்தராசின் முள் இம்முறை 18.5 கிலோவில் நின்றது. "இன்னும் ஒன்றரை கிலோ இருக்கிறதே, எதை வைக்கலாம்?" என்று மகள் கேட்டாள். "ஒன்றும் வைக்காதே. வரும்போது அக்கா ஏதாவது கொடுப்பார்," என்றார் அப்பாயி.

7. கொண்டுவரக் கூடாதது

அக்கா கொடுக்கக் கூடியதைப் பற்றி அப்பாயிக்கு ஓர் ஆசை இருந்தது. அவருடைய தாத்தாவும் பாட்டியும் அடக்கமான தோட்டத்திலிருந்து ஒரு பிடி மண்ணும் ஒரு தேயிலைக் கன்றும் கொண்டுவர வேண்டும் என்றார். தந்தை தயங்கினார்; பின்னர் உண்மையைக் கூறினார். அயல்நாட்டு மண்ணையும் செடியையும் விதையையும் உரிய அனுமதியின்றி இந்தியாவிற்குள் கொண்டுவர இயலாது. கண்ணுக்குப் புலப்படாத பூச்சி முட்டைகளும் பூஞ்சைகளும் மண்ணோடு வந்து இங்குள்ள பயிர்களை அழித்துவிடக் கூடும். இதற்கு இலங்கையே சான்று. 1869-ஆம் ஆண்டில் அங்குக் காணப்பட்ட இலைத்துரு என்னும் பூஞ்சை நோய் காப்பித் தோட்டங்களை அழித்தது. அவ்விடத்தில்தான் தேயிலை பரவியது.

"அப்படியானால் மண் வேண்டாம்," என்றார் அப்பாயி. "அங்கே சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். அதற்கு அனுமதி வேண்டாமே?"

8. புறப்பாடு

பயண நாளன்று விடியற்காலையில் அவர்கள் கொச்சி விமான நிலையத்தை அடைந்தனர். பதிவுப்பெட்டிகள் எடையிடப்பட்டுச் சென்றன. பாதுகாப்புச் சோதனையில் அப்பாயியின் கைப்பை மட்டும் நிறுத்தப்பட்டது. பெண் அலுவலர் செம்பை வெளியே எடுத்து, உள்ளிருந்த காலுறைகளைப் பார்த்து, "இது என்ன?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"அக்காவின் செம்பு. திருப்பிக் கொடுக்கப் போகிறேன்," என்றார் அப்பாயி.

அலுவலர் காலுறைகளைப் பழையபடி உள்ளே வைத்து, செம்பை அவரிடமே நீட்டினார். ஒருகாலத்தில் இரயிலும் கப்பலும் மாறி மாறிக் கடந்த தொலைவை, விமானம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கடந்தது. அந்நேரம் முழுவதும் செம்பு அப்பாயியின் மடியிலேயே இருந்தது.

தெரிந்து தெளிவோம்: பிற தீவுகளுக்குச் செல்வோர்க்கு

மாலத்தீவு: ஏறத்தாழ 1,200 சிறுதீவுகளைக் கொண்டது. பேசப்படும் மொழி திவேகி. மதுவையும் பன்றி இறைச்சியையும் வழிபாட்டிற்குரிய சிலைகளையும் அந்நாட்டிற்குள் கொண்டுசெல்லக் கூடாது.

மொரீசியசு: நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே உள்ளது. ஆகவே நமக்கு மழைக்காலமான சூன், சூலை மாதங்கள் அங்குக் குளிர்காலம். அந்நாட்டுப் பணத்தாள்களில் தமிழ் எழுத்துகளும் இடம்பெற்றுள்ளன. 1834 முதல் ஒப்பந்தத் தொழிலாளராக இந்தியர் வந்திறங்கிய ஆப்ரவாசி துறை 2006-இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

சிங்கப்பூர்: தமிழ் அங்கு ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்று. நம் நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. மெல்லும் பசைமிட்டாயை அந்நாட்டிற்குள் கொண்டுசெல்லத் தடை உண்டு.

குறிப்பு: நுழைவு விதிகள் அவ்வப்போது மாறக்கூடியவை. பயணத்திற்கு முன் அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

சொல்லும் பொருளும்

அப்பாயி – தந்தையின் தாய்
கடவுச்சீட்டு – அயல்நாடு செல்ல அரசு வழங்கும் அடையாள ஆவணம்
கொண்டாட்டம் – காய்களை உப்பிட்டு வெயிலில் உலர்த்திய வற்றல் (பாலக்காட்டு வழக்கு)
கோச்சி – இரயில் வண்டி (இலங்கை வழக்கு)
கொழுந்து – தேயிலையின் இளந்தளிர்
லயம் – தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடு
விகாரை – பௌத்தர் வழிபடும் இடம்
பரண் – வீட்டின் மேற்பகுதியில் பொருள் வைக்கும் தட்டு
படி – நகல்

இலக்கணக் குறிப்பு

நீலக்கடல், வெண்மணல் – பண்புத்தொகைகள்
அறுபட்ட உறவு, வந்திறங்கிய துறை – பெயரெச்சத் தொடர்கள்
கசியாதபடி – எதிர்மறை வினையெச்சம்
பழைய குடும்ப அட்டை – 'பழைய' என்பது குறிப்புப் பெயரெச்சம்
செம்பும் பெட்டியும் – எண்ணும்மை
மறுக்க மறுக்க, மாறி மாறி – அடுக்குத்தொடர்கள்

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. பவர் பேங்க் வைக்க வேண்டிய இடம்
(அ) பதிவுப்பெட்டி (ஆ) கைப்பை (இ) இரண்டிலும் வைக்கலாம் (ஈ) இரண்டிலும் வைக்கக் கூடாது

2. டிசம்பர் மாதத்தில் இலங்கையில் மழை மிகுதியாகப் பெய்யக்கூடிய பகுதி
(அ) மேற்குக் கரை (ஆ) தென்மேற்கு மூலை (இ) கிழக்குக் கரை (ஈ) எங்கும் இல்லை

3. 'வெண்மணல்' என்னும் சொல்லைப் பிரித்து எழுதக் கிடைப்பது
(அ) வெண் + மணல் (ஆ) வெண்மை + மணல் (இ) வெள் + மணல் (ஈ) வெண்ம + ணல்

ஆ. குறுவினா (இரண்டு தொடர்களில் விடை எழுதுக)

1. ஆவணப் படிகளை இரு வேறு பைகளில் வைத்ததன் காரணம் யாது?
2. கொப்பரையைப் பெட்டியிலிருந்து நீக்கியது ஏன்?
3. 'அழுகைக் கோச்சி' என்னும் பெயர் எவ்வாறு அமைந்தது?

இ. சிறுவினா (ஆறு தொடர்களில் விடை எழுதுக)

1. "தாளில் இவை எண்கள். லயங்களிலோ, ஒரே வீட்டிற்குள் இவ்வெண்கள் கோடு கிழித்தன." இத்தொடர்களை விளக்குக.
2. தகரப்பெட்டியைவிடச் செம்பு பொருத்தமான அடையாளம் என்று மகள் கருதியது ஏன்?
3. அயல்நாட்டு மண்ணைக் கொண்டுவரக் கூடாது என்னும் விதி தேவையானதா? காரணம் காட்டி எழுதுக.

ஈ. கணக்கிட்டு எழுதுக

பாடத்தில் உள்ள எடைப் பட்டியலைப் பார்த்து, மீண்டும் அடுக்கிய பெட்டிக்குப் புதிய பட்டியல் ஒன்று எழுதுக. மருந்து, மற்றவை என்னும் வரிசையிலிருந்து ஒரு கிலோ கைப்பைக்குச் சென்றதாகக் கொள்க. கூட்டுத்தொகை 18.5 கிலோவாக வருகிறதா என்று சரிபார்க்க.

உ. மொழியை ஆள்வோம்

1. கீழ்க்காணும் தொடர்களைப் பேச்சுத்தமிழில் உங்கள் வீட்டில் எவ்வாறு கூறுவீர்கள் என்று எழுதுக.
   • "ஆளுக்கு ஒரு பெட்டிதான்."
   • "நீங்கள் மூவரும் போய் வாருங்கள்."
2. அப்பாயி, அப்பத்தா, பாட்டி, ஆச்சி, அம்மம்மா என உங்கள் வகுப்பு மாணவர்கள் வீட்டுப் பெரியோரை அழைக்கும் பெயர்களைத் திரட்டி, எப்பெயர் எவ்வூரில் வழங்குகிறது என்று அட்டவணைப்படுத்துக.

ஊ. செயல்திட்டம்

உங்கள் குடும்பம் இப்போது வாழும் ஊருக்கு முதன்முதலில் வந்தபோது கொண்டுவந்த பொருள்களுள் இன்றும் வீட்டில் இருப்பது எது? வீட்டுப் பெரியோரிடம் கேட்டு அறிந்து, அப்பொருளின் படத்தை வரைந்து, அதன் வரலாற்றைப் பத்துத் தொடர்களில் எழுதுக. எதை விட்டுவிட்டு வந்தனர் என்பதையும் மறவாமல் கேட்டு எழுதுக.